அடைப்பு எங்கே? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் குழந்தைகளின் சிறுநீரகக் கல்லைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எல்லோரும் 'கேமரா விட்டுப் பார்ப்பது' என்று சொல்கிற யூரிடெரோஸ்கோப்பி, அதாவது கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்ப்பது. சிலர் அதை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். சிலர் தேவையே இல்லாத இடத்தில் அதைத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் வாதாடுகிறார்கள். குழந்தைகளின் சிறுநீரக அறுவை சிகிச்சைதான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் அன்றாட வேலை. அதனால் இந்த இதழ் முழுவதும் இந்தக் கடிதங்களுக்கே.

ஓர் அம்மா, மிட்ராண்ட்: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரமாக விலாவில் வலி, வாந்தி. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 8 மி.மீ. கல் இருக்கிறது, அதனால் கிட்னி வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. வெட்டாமல், சிறுநீர் போகிற வழியாகவே கருவியை விட்டு எடுக்கலாம் என்கிறார் டாக்டர். இவ்வளவு சின்ன உடம்பில் அது எப்படிப் போகும்? பின்னால் அவன் கல்யாண வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிடுமா? ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார் சென்னையில் இருக்கும் மாமியார்.

முதலில் கல்யாணக் கவலையை இறக்கி வையுங்கள் அம்மா. விதைகளுக்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தம் இல்லை. அது சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் போய், அங்கே இருக்கும் இரண்டு சிறு வாய்களில் ஒன்றுக்குள் நுழைந்து, சிறுநீர்க்குழாயில் மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் அதன் பாதை.

எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். குழந்தைகளுக்கென்று இருக்கும் மெல்லிய கருவியின் நுனி 1.5 மி.மீ.தான். கிட்னிக்குள் வரை வளைந்து போகிற வகை அதைவிடத் தடிமன், ஏறக்குறைய 2.5 மி.மீ. உங்கள் மகனுக்குக் கல் கீழே இருப்பதால் பெரும்பாலும் வளையாத மெல்லிய வகையே போதும். அதற்குள் ஒரு கேமரா, ஒரு விளக்கு, தண்ணீர் போக ஒரு வழி. அந்த வழியிலேயே 0.2 மி.மீ. தடிமனுள்ள லேசர் இழையும் போகும். ஹோல்மியம் லேசர் கல்லைத் தொட்டதும் அது பொடிந்து, திரையில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கும். தண்ணீர் ஓடி ஓடிக் கலங்கல் தெளியும் வரை நாங்கள் காத்திருப்போம், பிறகு தொடுவோம். உள்ளே விடுகிற அந்தத் தண்ணீர், அதாவது சலைன் என்ற உப்பு நீர், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் மயக்க டாக்டரின் ஒரு கண் உடம்புச் சூட்டின் மேலேயே இருக்கும். பொடியாகாத துண்டுகளைக் குட்டிக் கம்பிக் கூடையில் பிடித்து வெளியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

இந்த முறையின் வரலாறே ஒரு குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. 1912இல் அமெரிக்காவில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற டாக்டர், அடைப்பினால் சிறுநீர்க்குழாய் பெரிதாக வீங்கிப்போன ஒரு குழந்தைக்குச் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை விட்டார். அது அந்த வீங்கிய குழாயில் ஏறிக் கிட்னி வரை போய்விட்டது. ஆனால் வீங்காத சாதாரணக் குழாயில் ஏறுகிற அளவுக்குக் கருவி மெலிந்து, குழந்தைகளின் கல்லுக்குப் பயன்பட 1980களின் கடைசி வரை ஆனது.

இப்போது உங்கள் டாக்டர் சொல்ல விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம். சிறுநீர்க்குழாயில் இயற்கையாகவே மூன்று இடுக்கான இடங்கள் உண்டு. அதில் மிகவும் இறுக்கமானது சிறுநீர்ப்பைக்குள் திறக்கிற அந்தச் சின்ன வாய். ஏழு வயதில் சில குழந்தைகளுக்குக் கருவி அங்கே நுழையாது. அப்போது நல்ல டாக்டர் தள்ள மாட்டார். ஸ்டென்ட் என்ற மெல்லிய மென்குழாயை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். கிட்னியில் தேங்கிய சிறுநீர் அதன் வழியே இறங்கும், வலி அடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் குழாய் தானாகவே கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். பிறகு கல்லை எடுப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து "இன்று கல்லை எடுக்கவில்லை" என்று டாக்டர் சொன்னால், தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். கட்டாயப்படுத்தித் தள்ளினால் குழாய் கிழியலாம், பின்னால் அந்த இடம் சுருங்கிப் புது அடைப்பே வரலாம். அந்த ஆபத்தோடு பார்த்தால் இரண்டாவது தடவை மயக்க மருந்து கொடுப்பது சின்ன விலை.

எட்டு மி.மீ. கல் ஏழு வயதுக் குழந்தைக்குத் தானாக இறங்குவது கஷ்டம். நான்கு மி.மீ. அளவில் இருந்தால் வலி மருந்தும் தண்ணீரும் கொடுத்துக் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கிற முறையும் உண்டு. கிட்னிக்குள் இருக்கும் கல்லுக்குக் குழந்தைகளிடம் அது நன்றாக வேலை செய்யும். கீழ்க்குழாயில் இருக்கும் கல்லுக்கு உங்கள் டாக்டர் சொன்ன வழிதான் என் தேர்வும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள்: சிறுநீர் கல்ச்சர் எடுத்துக் கிருமி இல்லை என்று பார்த்தாகிவிட்டதா? குழந்தை அளவுக் கருவி அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? எக்ஸ்ரே கதிர் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவார்கள்? இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் வந்தால் சென்னைக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அடைத்த கிட்னியோடு அவ்வளவு நேரம் பறப்பதை நான் விரும்பவும் மாட்டேன். மாமியாரை இங்கே வரச் சொல்லுங்கள், குழந்தைக்குப் பாட்டி பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இடையில் காய்ச்சலும் குளிரும் வந்தால் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். அடைத்த கிட்னிக்குள் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவும். அந்த நிலையில் முதல் வேலை தேங்கியதை வடிப்பது. கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்: மகளின் பிள்ளைக்கு நான்கு வயது. வயிற்றில் இருக்கும்போதே இடது கிட்னி வீக்கம் என்று சொன்னார்கள். இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டியிருக்கும், இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேமரா விட்டு ஒரே நாளில் சரியாக்கினார்கள். எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் வெட்ட வேண்டும்?

ஆயா, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குழாய்க்குள் கல் சிக்கியிருந்திருக்கும். உங்கள் பேத்திக்கு அப்படி எடுத்துப் போட உள்ளே எதுவும் இல்லை. கிட்னியும் சிறுநீர்க்குழாயும் சேருகிற கழுத்தே பிறவியிலிருந்து குறுகலாக இருக்கும். சில குழந்தைகளுக்கு வெளியே ஒரு ரத்தக்குழாய் குறுக்கே ஓடி அந்தக் கழுத்தை அழுத்தும். உள்ளே போகிற கேமராவுக்கு வெளியே ஓடுகிற ரத்தக்குழாய் தெரியாது. தெரியாமல் உள்ளிருந்து கீறினால் ரத்தம் பீறிடும். அதனால்தான் இந்த வகை அடைப்புக்குக் குறுகிய துண்டை வெட்டி எடுத்து நல்ல இரண்டு முனைகளையும் தைத்துச் சேர்க்கிறோம். பைலோபிளாஸ்டி என்று பெயர். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் இந்த ஒரு ஆபரேஷனிலேயே சரியாகிவிடும். பல இடங்களில் இப்போது சிறு துளைகள் வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள், தழும்பு சின்னதுதான்.

இன்னொரு ஸ்கேன் ஏன் என்றால், வீக்கம் இருப்பதாலேயே அடைப்பு என்று ஆகிவிடாது. கருவில் வீக்கம் தெரிகிற குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே வடிந்துவிடும். ரெனோகிராம் என்ற பரிசோதனையில் கையில் ஒரு ஊசி போட்டு, இரண்டு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது, சிறுநீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இடது கிட்னியின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தாலோ, முன்பு பார்த்ததைவிடக் குறைந்திருந்தாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 1994 முதல் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். டர்பனில் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரியான இன்கோசி ஆல்பர்ட் லுத்துலிக்கு நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது, கீழ் ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும். போகும்போது குழந்தையின் தடுப்பூசி, எடை எல்லாம் குறிக்கிற 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தையும் பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இந்த முறை எவ்வளவு என்பதோடு போன முறை எவ்வளவு இருந்தது என்பதையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

ஓர் அப்பா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பத்து வயது மகளுக்கு லேசரில் கல்லை எடுத்து, உள்ளே ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடுகிறாள், சிறுநீர் போகும்போது முதுகு வலிக்கிறது என்கிறாள், விளையாடிவிட்டு வந்தால் சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. இதற்கு நடுவில் எனக்குக் கேப் டவுனுக்கு வேலை மாற்றம். ஸ்டென்டை எடுக்கும் தேதி எழுதிய தாள் சாமான் கட்டும்போது எங்கேயோ போய்விட்டது. அங்கே போய் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி, இந்த வாரமே பாருங்கள்.

மகள் சொல்கிற தொல்லை மூன்றும் ஸ்டென்டினால் வருவதுதான். அதன் கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையை உரசும், அதனால் அடிக்கடி முட்டும். சிறுநீர் கழிக்கும்போது ஸ்டென்ட் வழியாகக் கொஞ்சம் சிறுநீர் மேலே கிட்னிக்குத் திரும்பும், அதனால் முதுகில் சுரீர் என்று வலிக்கும். ஓடியாடினால் வெளிர்ச் சிவப்பாகப் போகும். தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீரே வராமல் நிற்பது, இவற்றுக்கு மட்டும் உடனே ஓட வேண்டும்.

என் கவலை அந்தத் தாள்தான். ஸ்டென்ட் உடம்பிலேயே இருந்துவிடக் கூடிய பொருள் இல்லை. கல் உருவாகிற உடம்பில் அதன் மேலேயே கல் படியும். சில வாரங்களில் எடுத்தால் சில நிமிட வேலை. மாதக்கணக்கில் மறந்துபோனால் மேல் சுருளிலும் கீழ்ச் சுருளிலும் கல் பிடித்து, இழுத்தால் வராது. பிறகு மேலிருந்து ஒரு ஆபரேஷன், கீழிருந்து ஒரு ஆபரேஷன் என்று போகும். அந்தக் கிட்னியையே இழந்த குழந்தைகளும் உண்டு. கல்லை வெற்றிகரமாக எடுத்த பிறகு, ஒரு தேதி தவறியதால் ஒரு குழந்தை கிட்னியை இழப்பதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியாது. வீடு மாறுவது, போன் நம்பர் மாறுவது, "வலி போய்விட்டது, இனி எதற்கு" என்று இருந்துவிடுவது, இப்படித்தான் அது நடக்கிறது. ஆஸ்பத்திரி கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். மாறிப்போன நம்பருக்கு யாரால் கூப்பிட முடியும்?

ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்து, வைத்த தேதி, எந்தப் பக்கம், எப்போது எடுக்க வேண்டும் என்பது மூன்றும் எழுதிய டிஸ்சார்ஜ் தாளின் நகலை வாங்குங்கள். போவதற்கு முன்பே எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், கேப் டவுனில் ரெட் கிராஸ் போர் நினைவுக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்தே கடிதம் வாங்கி, தேதி உறுதியான பிறகு சாமானைக் கட்டுங்கள். ஸ்டென்டில் கட்டிய நூலை வெளியே விட்டிருந்தால் சில சமயம் தியேட்டருக்குப் போகாமலேயே எடுத்துவிடலாம். நூல் இல்லாவிட்டால் சின்ன மயக்கம் தேவைப்படும், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். தேதியை உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டி வையுங்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு விவரம் தெரியும், அவளிடமும் சொல்லுங்கள்.

ஓர் அம்மா, க்வாடுகூசா: பதின்மூன்று வயது மகனுக்குச் சிறுநீர் கழிக்கும்போது கடைசியில் ரத்தச் சொட்டு வருகிறது. வலி பெரிதாக இல்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லலாமா?

லீவு நாளில் பையன் ஆற்றிலோ அணையிலோ நீந்தினானா என்று முதலில் கேளுங்கள். நம் குவாசுலு-நேட்டால் கடற்கரைப் பக்கத்தில், சிறுநீரின் கடைசியில் ரத்தம் வரும் பள்ளிப் பிள்ளைக்கு நான் முதலில் நினைப்பது பில்ஹார்சியா. ஆற்று நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து, தோல் வழியாக உடம்புக்குள் போகிற புழு. அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கும். கிளினிக்கில் சிறுநீரைப் பரிசோதித்தாலே முட்டை தெரியும். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் எடுத்த சிறுநீராக இருந்தால் நல்லது, அந்த நேரத்தில்தான் முட்டை அதிகமாக வெளியேறும். பிராசிகுவான்டெல் மாத்திரைதான் மருந்து. அதோடு ஒரு அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் இந்த நோய் சிறுநீர்க்குழாயின் கீழ்முனையைத் தழும்பாக்கி அடைத்துவிடும்.

கேமராவுக்கு இடம் அதற்கு அப்புறம்தான். அல்ட்ராசவுண்டில் குழாய் வீங்கியிருந்து, எதனால் என்று புரியாவிட்டால், சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, கருவியால் நேரில் பார்ப்போம். தழும்புச் சுருக்கமா, ஸ்கேனுக்குத் தெரியாத கல்லா, அல்லது குழாயின் உட்சுவரில் தொங்கும் பாலிப் என்ற சதையா என்று அப்போது தெரிந்துவிடும். பாலிப் குழந்தைகளிடம் அபூர்வம், புற்றுநோயும் இல்லை. ஆனால் அது ஆடி ஆடி வழியை அடைத்துத் திறப்பதால் வலி வந்து வந்து போகும், ஸ்கேனும் ஒரு நாள் சரியாக இருக்கும், ஒரு நாள் வீங்கியிருக்கும். அந்த மாதிரிக் குழந்தைக்கு யூரிடெரோஸ்கோப்பியைப் போல வேறு எதுவும் பதில் சொல்லாது. பார்த்த கையோடு லேசரில் எடுத்தும் விடலாம்.

ஓர் அம்மா, லெனேசியா: மூன்று வாரக் கைக்குழந்தை, ஆண். சிறுநீர் பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக வருகிறது, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இதைப் படிக்கிற யார் வீட்டில் இப்படி இருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரத்தின் பின்பகுதியில் பிறவியிலேயே ஒரு ஜவ்வுத் தடுப்பு இருக்கலாம். அது ஒரே நேரத்தில் இரண்டு கிட்னியையும் கெடுக்கும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முதலில் மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வடிப்பார்கள், கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், பிறகு அந்தத் தடுப்பைக் கருவி விட்டு உள்ளேயே கீறிவிடுவார்கள். அடைப்பு கீழே இருப்பதால் சிறுநீர்க்குழாய் வரை ஏற வேண்டிய அவசியம் இல்லை.

ஓர் அப்பா, டொங்காட்: பன்னிரண்டு வயது மகனுக்கு இரண்டாவது தடவையாகக் கல். அம்மா தினமும் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் கொடுக்கிறார். கல் கரையுமா? பாலை நிறுத்த வேண்டுமா?

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் குழந்தைகளிடம் அதிகம் காணும் கால்சியம் கல்லைக் கரைக்கிற சாறோ கஷாயமோ கிடையாது. மாத்திரையாலும் அது கரையாது. யூரிக் அமிலக் கல் என்றால் சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் கரையும், அதற்கு அளவு பார்த்து டாக்டர் மருந்து தருவார். அடைப்பு இருக்கிற கிட்னிக்குத் தினமும் கஷாயம் ஊற்றிக்கொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் இழப்பு பையனுக்குத்தான். பாலை நிறுத்தாதீர்கள், கால்சியத்தைக் குறைத்தால் சில கல் கூடத்தான் செய்யும். குறைக்க வேண்டியது உப்பு: சிப்ஸ் பாக்கெட், அச்சார், இரண்டு நிமிட நூடுல்ஸ்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல், காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் ஏராளம். டொங்காட் பிப்ரவரிப் புழுக்கத்தில் அப்படி இருந்தால் கல் வராமல் என்ன செய்யும்? வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

பன்னிரண்டு வயதில் இரண்டாவது கல் என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். எடுத்த கல்லின் பரிசோதனை, ஒரு முழு நாள் சிறுநீர், ரத்தத்தில் கால்சியம், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சிஸ்டின் கல், ஆக்சலேட் அதிகமாகச் சுரக்கிற நோய் போன்றவை பரம்பரையாக வருபவை, சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். நீங்களும் மனைவியும் உறவு என்றால் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை. காரணம் தெரிந்தால் அடுத்த கல்லைத் தடுக்கலாம், தம்பி தங்கைகளையும் பரிசோதிக்கலாம்.

ஓர் அம்மா, ஃபீனிக்ஸ்: பதினான்கு வயது மகனுக்குப் பெரிய கல். ஒரு பாகத்தை லேசரில் எடுத்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், மீதியைத் தைப்பூசத்துக்கு அப்புறம் எடுக்கிறார்கள். காவடி எடுப்பதாக நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் விரதம் இருந்து அவனே எடுக்கலாமா?

விரதத்தில் கறி மீன் விடுவதால் ஒரு கெடுதலும் இல்லை, கிட்னிக்கு நல்லதுதான். தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டென்டும் மீதிக் கல்லும் உள்ளே இருக்கும்போது, கோடை வெயிலில் தோளில் பாரத்தோடு நடந்தால் வலிக்கும், ரத்தமும் போகும். இந்தத் தைப்பூசத்துக்கு அவன் கோயிலுக்கு வந்து பக்கத்தில் நிற்கட்டும், காவடியை அப்பாவோ மாமாவோ எடுக்கட்டும். இங்கே சித்ரா பௌர்ணமிக்கும் காவடி உண்டே. மீதிக் கல்லையும் ஸ்டென்டையும் அதற்குள் எடுத்து, கடைசி ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தால் அன்றைக்கு அவனே எடுக்கலாம். போகிற வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் பாட்டிலோடு ஒருவர் கூடவே நடங்கள்.